தொரை பங்களாவின் தப்புச் சத்தம்

அத்தியாயம் 3

கிரிஷாந்தனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதனால்தான் பதுளையிலிருந்து கிளம்புமுன் கோயில் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நம்புகிறவனைச் சாமி பார்த்துக்கொள்ளும், நம்பாதவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி.

ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டிறங்கி, த்ரீவீல் பிடித்து, மொட்டக்கல் தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கியதிலிருந்து அவன் கை அந்தப் பழத்தை விட்டு நகரவில்லை. கார்த்திகை மழை பிடித்த பிடியை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூடுபனி தேயிலை மேல் இறங்கி, முன்னால் போகும் பாதையையே காணாமல் அடித்துவிட்டது. பக்கத்தில் கலாராணி மேடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பொலிசில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் துப்பறியும் ஆபிஸ் நடத்துகிறவர். அந்த ஆபிசில் உதவியாளன், டீ வாங்குகிறவன், பயப்படுகிறவன் எல்லாம் கிரிஷாந்தன் ஒருத்தனே.

"மேடம், பேய் இருந்தா நீங்க பேசுங்க. மனுசன் இருந்தா நான் பேசுறேன்" என்றான்.

"ரெண்டும் இல்லன்னா?"

"டீ குடிச்சிட்டுப் போயிருவோம்."

வழக்கு இதுதான். பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் லிங்கம் முதலாளி, வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஹாலையும் அறைகளையும் பிரித்து, கொழும்புக்காரர்கள் குளிருக்கு வந்து தங்குகிற மாதிரி எட்டு வீடுள்ள அப்பார்ட்மென்டாக மாற்றுவது திட்டம். பாதி வேலை முடிந்த நேரத்தில், பொழுது சாய்கிற வேளைகளில் சுவருக்குள்ளிருந்து தப்பு மேளம் கேட்கத் தொடங்கியது. தாழ்ப்பாள் போட்ட கதவுகள் தானாகத் திறந்தன. வெளியூரிலிருந்து வந்த மேசன் பாஸ்மார் சாமான்களைக்கூட எடுக்காமல் ஓடிப்போனார்கள்.

பங்களா வாசலில் லிங்கம் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை மகன் ரஜீவ், கட்டட வேலையைப் பார்க்கிற இளம் இஞ்சினியர், சேறு படிந்த சப்பாத்தோடு, பல நாள் தூங்காத கண்ணோடு நின்றான். பேய் கீய் ஒன்றும் இல்லை, எல்லாம் கீழே தொழிலாளர் லயத்தில் இருக்கிற சனங்களின் வேலை என்று லிங்கம் எடுத்த எடுப்பிலேயே அடித்துச் சொன்னார். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பங்களாவுக்குக் கீழே பெக்கோ மெஷின் விட்டு மலையை வெட்டியதிலிருந்து அவர்களுக்குத் தன்மேல் கடுப்பு என்றார். அப்படியானால் அவரே ஏன் பங்களாவுக்குள் தங்காமல் ஹப்புத்தளையில் ரூம் எடுத்துத் தங்குகிறார் என்று மேடம் கேட்டார். லிங்கம் குடையை மடக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

உள்ளே பெரிய ஹால். ஒரு பக்கம் புதுச் சிமெந்துப் பூச்சு, மறுபக்கம் துரை காலத்துக் கணப்பு அடுப்பும் அதன் புகைபோக்கியும். நடுவில் பழைய பலகைத் தரை. அதில் ஏதோ கனத்த மேசையின் கால்கள் பல வருசம் அழுத்திய குழிகள் இருந்தன. அங்கே பில்லியர்ட்ஸ் மேசை கிடந்ததாகவும் அதைக் கழற்றி விற்றுவிட்டதாகவும் ரஜீவ் சொன்னான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, சாப்பாட்டறைக் கதவின் தாழ்ப்பாள் 'டக்' என்றது. கதவு மெதுவாக, யாரோ உள்ளிருந்து எட்டிப் பார்க்க நினைத்ததுபோல், திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

கிரிஷாந்தனின் கை பழத்தைத் தேடியது. தேடிய வேகத்தில் பழம் தரையில் விழுந்தது. விழுந்த பழம் சும்மா கிடக்கவில்லை. மெல்லப் புரண்டு, பிறகு வேகம் பிடித்து, ஹாலைக் குறுக்கே கடந்து, பள்ளத்தாக்குப் பக்கச் சுவரில் போய் மோதி நின்றது. கிரிஷாந்தன் வாசல் எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தான். சாமி கொடுத்த பழமே இந்த வீட்டில் தன்கூட இருக்க மாட்டேன் என்று ஓடினால் மனிதன் என்ன செய்வான்.

கலாராணி பழத்தை எடுத்து வந்து முதலில் விழுந்த இடத்திலேயே வைத்தார். அது மறுபடியும் அதே சுவருக்கு ஓடியது. அவர் முகம் இறுகியதை கிரிஷாந்தன் பார்த்தான். மேடம் பயந்து அவன் பார்த்ததில்லை. அதனால் அது பயமாக இருக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் நம்பவில்லை.

"லயத்துக்குப் போவோம்" என்றார் அவர்.

லயம் பங்களாவுக்கு நேர் கீழே, வெட்டிய மண்சுவருக்கு அடியில், ஒரே கூரையின் கீழ் ஒற்றையறைக் காம்பராக்களின் வரிசையாக இருந்தது. சனங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று லிங்கமும் கூடவே வந்தார். கடைசிக் காம்பராவின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம், மேளம் அடிப்பது யார் என்று அதட்டினார். முதியவர் மழையைப் பார்த்தபடியே இருந்தார்.

"பாத்தீங்களா மேடம், கேட்டா மதிக்கிறதே இல்ல. இதான் இவங்க குணம்."

"அவரு ராமாமிர்தம்ங்க" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பெயர் ஜெயலெட்சுமி. "இடி விழுந்தாலும் அவருக்குக் காது கேக்காது. நீங்க என்ன கத்துனாலும் வீண்தான் மொதலாளி."

லிங்கத்தின் முகம் சுருங்கியது. மேடம் ஜெயலெட்சுமியிடம் பங்களாப் பேயைப் பற்றி விசாரித்தார். அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. பேயாவது ஒன்றாவது, யாரோ கூத்துக்குப் பழகுகிறார்கள், மாசிக் கூத்துக்கு இன்னும் நாள் கிடக்கையில் இப்போதே என்ன அவசரம் என்றுதான் புரியவில்லை என்றாள். லயத்தில் யாருமே பயப்படவில்லையா என்று மேடம் கேட்டதற்கு, பேய்க்குப் பயப்பட நேரம் எங்கே, மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் இப்போது சேறாக வருகிறது, அதை வடிகட்டிக் குடிக்கவே பொழுது போய்விடுகிறது என்றாள்.

திரும்பி மேலே ஏறும்போது மேடம் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "ஒரே சத்தம். மேல இருந்தவன் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுறான். கீழ இருக்கிறவ சிரிக்கிறா. ஏன் கிரிஷ்?"

"கீழ இருக்கிறவங்களுக்கு ஓட எடமில்ல மேடம். ஓட எடமில்லாதவன் சிரிச்சுத்தான் ஆகணும்."

அது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் மேடம் நின்று அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அவர்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரைப் பார்க்கிறேன் என்று ரஜீவ் பின்பக்கம் போனான். லிங்கம் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். மழை ஒரு கணம் ஓய்ந்தது.

அப்போது சுவர் பேசியது.

முதலில் ஒரு அடி. பிறகு இரண்டு. பிறகு தப்பு மேளம் முழுதாகக் கிளம்பி ஹாலை நிறைத்தது. பலகைத் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறியது. லிங்கம் 'முருகா' என்றார், அவ்வளவுதான், அவர் ஓடுகிற சத்தமும் வேன் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. கிரிஷாந்தனும் ஓடத்தான் நினைத்தான். கால்தான் சம்மதிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ அவனைத் தரையோடு வைத்துத் தைத்துவிட்டார்கள். தன் வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை என்று பிறகு அவன் எல்லோரிடமும் சொன்னான், அதில் துளி மிகை இல்லை.

நிற்க வேண்டி வந்ததால் கேட்க வேண்டி வந்தது. கேட்கக் கேட்க, பயத்தின் நடுவே அவன் காது தன் வேலையைச் செய்தது. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில், தப்பு அடிக்கிறவரின் மகனாகப் பிறந்தவன் அவன். பிஸ்கட் டின்னில் அடித்துப் பழகியவன். சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, காலையில் ஆட்களைப் பேர் பதியும் பெரட்டுக்குக் கூப்பிட ஓர் அடி என்று அவனுக்கு அத்தனையும் தெரியும்.

"மேடம்" என்றான். "இது சாவு மேளம் இல்ல. காமன் கூத்து அடி. மன்மதன் ரதியக் கல்யாணம் கட்டி ஆடி வர்ற எடம். இதக் கேட்டு எங்க ஆளுங்க யாரும் பயப்பட மாட்டாங்க. சின்னப் புள்ளைங்க எந்திரிச்சு ஆடும்."

"ஓடாத. கடைசிவரைக்கும் கேப்போம்" என்றார் மேடம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கேட்டார்கள். மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. கூட்டத்தின் இரைச்சல் லேசாகக் கேட்டது. பிறகு புகைபோக்கிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பேய்க்குக் கொஞ்சமும் பொருந்தாத அன்போடு சொன்னது: "இஞ்சினியர் தம்பி, போனையே புடிச்சிக்கிட்டு நிக்காம டீயக் குடிங்க. ஆறிப்போகும்."

சற்று முன் கீழே சிரித்த ஜெயலெட்சுமியின் குரல்.

கிரிஷாந்தன் கணப்பு அடுப்புக்குள் தலையை விட்டு, புகைபோக்கியின் உள்விளிம்பிலிருந்து கரி படிந்த ஒரு ஸ்பீக்கரை எடுத்து வெளியே வந்தபோது, பின்வாசலில் ரஜீவ் போனும் கையுமாக நின்றிருந்தான். எல்லோரும் வழக்கம்போல் ஓடியிருப்பார்கள் என்று நினைத்து வந்தவன். இருவரையும் பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது ஒருவிதமான நிம்மதி. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேடம் அதட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அவன் கொட்டிவிட்டான். மலையை வெட்டியபோதே வேண்டாமென்று மாமாவிடம் கெஞ்சினானாம். தகப்பன் இல்லாதவனைப் படிக்க வைத்தவர் மாமா, அவரை எதிர்த்துக்கொண்டு வெளியே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. ஆவணியில் பள்ளத்தாக்குப் பக்கச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. சுவர் நகர்கிறதா என்று பார்க்க, வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெந்து வைத்து ஒட்டினான். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். வீடு பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று மாமா அதற்கு மேலேயே பூச்சுப் பூசிவிட்டார். லயத்துத் தலைவர் கந்தப்பனிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தான். மழைக்கு மழை யாராவது வந்து போ என்கிறார்கள், போனால் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்துவிட்டுத் திரும்ப இங்கேதான் அனுப்புகிறார்கள், போக ஒரு துண்டு நிலம் காட்டு, போகிறோம் என்று அவர் சொல்லிவிட்டார்.

"மண்ணு சரியும்னா யாரும் அசையல மேடம். முனி அடிக்குதுன்னா போயிருவாங்கன்னு நெனச்சேன். மாசியில ஒரு கூத்து பதிவு பண்ணி வச்சிருந்தேன். எனக்குத் தப்புன்னா எல்லாம் ஒண்ணுதான். நான் பதுளை பஜார்ல வளந்தவன்."

கிரிஷாந்தனுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஓட வேண்டியவர்கள் கீழே சிரித்துக்கொண்டிருக்க, ஓடத் தேவையில்லாத மேசன்மார் ஓடிவிட்டார்கள். பயமுறுத்துகிறேன் என்று நினைத்து இந்தப் பையன் கல்யாண மேளம் போட்டிருக்கிறான்.

"சரி, தப்பு ஒன் வேல" என்றார் மேடம். "கதவு?"

"எந்தக் கதவு?"

"தானாத் தொறக்குதே, அந்தக் கதவு."

ரஜீவ் தலையை நிமிர்த்தினான். "அது நீங்க வந்த நேரம் காத்துல தொறந்திருக்கும்னு நெனச்சேன். பாஸ்மார் சொன்னதையும் பயத்துல சொன்ன கதைன்னு விட்டுட்டேன். கதவு நான் இல்ல மேடம். சத்தியமா நான் இல்ல."

பேய் பிடிபட்டுவிட்டது, ஆனால் கதவைத் திறந்தது அது இல்லை.

மேடம் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தார். அது ஓடியது. "இந்த எடத்துல துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடியிருக்காங்க ரஜீவ். இப்பிடிச் சாஞ்ச தரையில பந்து நிக்குமா? இந்தத் தரை அப்ப மட்டமா இருந்துச்சு. கதவு நிலையும் நேரா இருந்துச்சு. எப்ப சாஞ்சுது?"

ரஜீவ் எழுந்து, கிடந்த சுத்தியலை எடுத்து, பள்ளத்தாக்குப் பக்கச் சுவரில் புதுப் பூச்சைத் தட்டினான். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு இங்கேயும் ஒரு துண்டு அங்கேயுமாக நின்றது. நடுவிலிருந்த இடைவெளியில் கிரிஷாந்தன் கையை விட்டான். கை முழுதும் போனது. அப்புறத்திலிருந்து குளிர்ந்த ஈர மண் வாசனை வந்தது. சுவருக்கு உள்ளே எங்கேயோ, அடி ஆழத்தில், மரம் முறிவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பேயாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிசம் அவன் மனதார ஆசைப்பட்டான். பேய்க்கு எலுமிச்சம்பழம் போதும். மலைக்கு என்ன கொடுப்பது?

வேனிலிருந்து திரும்பி வந்த லிங்கம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கண்ணாடியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் போல் இழுத்துக்கொண்டார். மேடம் அதற்குள் போனில் பொலிசைப் பிடித்திருந்தார். பாதையில் மரம் விழுந்திருக்கிறது, வருகிறோம், அதுவரை சனங்களை வெளியேற்றுங்கள் என்றார்கள். ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டி, கந்தப்பனோடு வாதாடி, பெட்டி படுக்கை கட்டக் காத்திருந்து வெளியேற்ற மலை பொறுக்குமா?

"மேடம்" என்றான் கிரிஷாந்தன். "பெரட்டுக்களம் எங்க இருக்கு?"

"லயத்து ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை மேல" என்றான் ரஜீவ். "அது ஸ்திரமான எடம்."

கிரிஷாந்தன் மேசன்மார் விட்டுப்போன கூரைத் தகரம் ஒன்றையும் இரண்டு கட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினான். பயந்தாங்கொள்ளி என்று பேரெடுத்தவன் ஆபத்தை நோக்கி ஓடியது இதுதான் முதல் தடவை. ஓடையைத் தாண்டி, பாறைமேல் ஏறி, தகரத்தைக் கல்லில் சாய்த்து வைத்து அடிக்கத் தொடங்கினான். பெரட்டுத் தப்பு. ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் அடி. இப்போதெல்லாம் தோட்டத்தில் அதற்குச் சங்கு ஊதுகிறார்கள். ஆனால் பரம்பரையாக அந்த அடிக்கு எழுந்த கால்கள், ஏன் எதற்கென்று கேட்காமல் முதலில் களத்துக்கு வரும், கேள்வியை வந்த பிறகுதான் கேட்கும். பொழுது சாய்ந்த நேரத்தில் பெரட்டு என்றால் தோட்டத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கதவுகள் திறந்தன. முதலில் பெரியவர்கள், பின்னால் இளசுகள், இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினார்கள். மேடமும் ரஜீவும் அவர்களோடு வந்து சேர்ந்தார்கள். ஜெயலெட்சுமி கையில் சோற்றுக் கரண்டியோடு வந்தாள். தலைவர் கந்தப்பன் வரும்போதே சத்தம் போட்டார்.

"எவன்டா அடிக்கிறது? இந்நேரத்துல என்ன பெரட்டு?"

கிரிஷாந்தன் அடிப்பதை நிறுத்தினான். கட்டையால் மலையைக் காட்டினான்.

காட்டியதுதான் தாமதம். வெட்டிய மண்சுவர் முதலில் முன்பக்கம் குனிந்தது. பிறகு பங்களாவின் பள்ளத்தாக்குப் பக்கம் தேயிலையும் மரமும் மண்ணுமாக ஒரே பெருமூச்சோடு இறங்கியது. லயத்துக் கூரை ஒரு கணம் அதன் மேலே மிதப்பது போல் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஜெயலெட்சுமிதான் முதலில் பேசினாள். "நிப்பாட்டாதீங்க தம்பி, இன்னும் கொஞ்சம் அடிங்க. யாராச்சும் வராம இருக்கலாம்."

அவன் அடித்தான். கந்தப்பன், பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே, காம்பரா வரிசைப்படி பேர் கூப்பிட்டார். "இருக்கேன்" "இருக்கேன்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கடைசிக் காம்பராவுக்கு வந்தார்.

"ராமாமிர்தம்."

பதில் இல்லை. கிரிஷாந்தனின் கை நின்றது. ஊரையே கூப்பிட்டுவிட்டோம் என்று நினைத்தானே, காது கேட்காத மனிதனை மேளம் எப்படிக் கூப்பிடும்? ரஜீவ் கூட்டத்துக்குள் மாமா, மாமா என்று தேடுவதையும் அப்போதுதான் அவன் கவனித்தான். தகரச் சத்தம் கேட்ட உடனேயே லிங்கம் கீழே லயத்துப் பக்கம் ஓடியதை மேடம் பார்த்திருக்கிறார். மேடமும் மண்ணையே பார்த்தபடி நின்றார்.

கந்தப்பன் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் மழைதான் பதில்.

பிறகு ஓடைப் பக்கம் மூடுபனிக்குள் யாரோ இருமினார்கள். இடுப்புவரை சேறாக, ஒரு காலில் செருப்பில்லாமல், பதுளை பஜாரின் லிங்கம் முதலாளி பாறைமேல் ஏறி வந்தார். முதுகில் ராமாமிர்தம். பெரியவரை இறக்கிவிட்டு, ஊர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நின்றார்.

ராமாமிர்தம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "இருக்கேன்" என்றார்.